வேலிக்கு வெளியே என்றொரு பாராட்டு

இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் ஓர் இளம் கவிஞரின் முதல் தொகுப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப்பேர் என்னிடம் கடன்பட்ட நண்பர்கள். இருந்தாலும் அதிலுள்ள ஒரு வாக்கியத்தை நான் வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது. 'இக்கவிதைகள் தமிழ்க் கவிதையின் வரம்புகளை மீறி வெளியே நிற்கின்றன' என்பது அந்த வாக்கியம். பாராட்டாகத்தான் எழுதினேன். எழுதிய அன்று அதைப்பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கவிஞர் மன்னார்குடிக்குக் கிழக்கே ஓர் ஊரின் காலனியைச் சேர்ந்தவர். அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதுகிறார். ஆலைப் பணத்தைக் கட்ட வாரத்தில் இரண்டு நாள் எங்கள் கிளைக்கு வருவார். பத்திரிகை வந்து பத்து நாள் இருக்கும். சலானை நீட்டிவிட்டு, பின்னால் வரிசையில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"வரம்ப மீறினேன்னு எழுதியிருக்கீங்க. நான் எத சார் மீறுனேன்? எங்க புள்ளைங்க வரப்பு மேல நடந்து பள்ளிக்கூடம் போனதத்தான எழுதுனேன். மேலதான் சார் நடந்தோம். தாண்டல."

சீலைக் குத்தி, அடிச்சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அவருக்கு அடுத்து ஓர் அம்மாள் நகைக்கடன் வட்டி கட்ட வந்துவிட்டார். பதில் சொல்லாமல் தப்பித்தேன் என்பதுதான் உண்மை. இந்தக் கட்டுரையை அந்தப் பதிலுக்கான முயற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாக்கியம் எனக்குத் தமிழில் தோன்றியதல்ல. என் போன்ற பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களின் மூளையில் சில ஆங்கிலத் தொடர்கள் தங்கிவிடும். தமிழ் எழுதும்போது அவை வேஷம் மாற்றிக்கொண்டு வெளியே வரும். என் தலையில் அன்று இருந்தது 'பியாண்ட் த பேல்' என்ற தொடர். கல்லூரியில் இதை வைத்து ஒரு கூத்தே நடந்திருக்கிறது. 'பேல்' என்றால் வெளிறிய என்ற பொருள்தான் எங்களுக்குத் தெரியும். எனவே ஒருவன் விடைத்தாளில் 'வெளிறிய முகத்திற்கு அப்பால்' என்று விளக்கம் எழுதினான். இன்னொருவன் எழுத்துக்கூட்டைத் தவறவிட்டு, உச்சரிப்பில் ஒன்றேயான 'பெயில்' என்று எழுதிவிட்டான். அதற்கு வாளி என்று பொருள். ஆங்கிலேயர்களே செய்கிற பிழைதான் இது. வேலி வாளியாகிவிட்டது. தமிழிலும் அந்த இரண்டு சொற்களும் இவ்வளவு பக்கத்தில் இருப்பது தற்செயல்தான், ஆனால் எனக்குச் சௌகரியமான தற்செயல்.

'பேல்' என்பது நிலத்தில் அடிக்கிற முளை. பாலுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முளைகளை வரிசையாக அடித்தால் வேலி. வேலி வளைத்த பரப்பும் அதே பெயரைப் பெற்றது. கழுவில் ஏற்றுவதற்கான ஆங்கில வினையும் அதே வேரில் கிளைத்தது என்பதை அகராதியில் பார்த்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். வேலிக்கு அடித்த முளையே சற்று உயரமாக நின்றால் கழுமரம்.

அயர்லாந்தில் டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் அதிகாரம் செல்லுபடியான பகுதிக்கு 15-ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயர் வழங்கியது. 1494-95-இல் பாய்னிங்ஸ் என்பவர் கூட்டிய பாராளுமன்றம், அந்த எல்லையில் ஆறடி உயரத்துக்கு இரட்டை மண்கரை எழுப்பவேண்டும் என்று குடிகளுக்கு உத்தரவு போட்டது. கரைக்கு உள்ளே சட்டமும் மரியாதையும், வெளியே ஐரிஷ்காரன். நமது தொடர் இந்த வேலியிலிருந்துதான் பிறந்தது என்று பாதி உலகம் நம்புகிறது. ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் அதை ஏற்பதில்லை. தொடர் எழுத்தில் தட்டுப்படுவது 17-ஆம் நூற்றாண்டில்தான், அயர்லாந்துக் கதை பின்னால் ஒட்டவைத்தது என்பது அவர்கள் கட்சி. இருக்கட்டும். ஒட்டவைத்ததும் ஏதோ பொருத்தம் பார்த்துத்தான் ஒட்டவைத்திருக்கிறார்கள். ரஷ்யாவில் யூதர்கள் எங்கே குடியிருக்கலாம் என்று ஜார் வகுத்து, 1917 வரை நீடித்த எல்லைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.

இந்தத் தொடரைச் சரியாகப் பிரயோகிப்பது என்றால் எழுத்துக்கூட்டைச் சரியாகப் போடுவது மட்டும்தானா? எழுத்துக்கூட்டை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. நான் கவனிக்காதது வேறு. ஆங்கிலத்தில் யாரும் தன்னைப்பற்றிப் பெருமையாக 'நான் பேலுக்கு அப்பால் போனேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. பிறரைப் பாராட்டவும் அதைச் சொல்வதில்லை. அது உள்ளே இருப்பவன் வெளியே இருப்பவனைக் காட்டிச் சொல்லும் தீர்ப்பு. பாராட்டுவதற்கு அவர்களிடம் வேறு தொடர் இருக்கிறது: 'அபவ் அண்ட் பியாண்ட்'. கடமை கேட்டதற்கும் மேலே சென்ற சிப்பாய்க்குப் பதக்கப் பத்திரத்தில் அமெரிக்க ராணுவம் எழுதுவது அது. இரண்டிலும் அப்பால் என்பது பொது. ஒன்று பதக்கம், மற்றது விலக்கு. இரண்டையும் 'வரம்பு மீறிய' என்று ஒரே தட்டில் வைத்துத் தமிழ்ப்படுத்தும் மொழிபெயர்ப்பாளர்களை நமக்குத் தெரியும். விமர்சகர்களான நாம் இன்னும் ஒரு படி மேலே: விலக்குவதற்கான சொல்லை எடுத்துப் பதக்கமாகக் குத்திவிடுகிறோம்.

கிப்ளிங்கின் ஒரு கதைக்கு இந்தத் தொடரே தலைப்பு. 1888-இல் வந்த 'ப்ளெய்ன் டேல்ஸ் ஃப்ரம் த ஹில்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. ஒருவன் எது வந்தாலும் தன் ஜாதியோடும் இனத்தோடும் நிற்கவேண்டும் என்ற புத்திமதியோடு தொடங்கும் கதை. ட்ரெஜாகோ என்ற வெள்ளைக்காரன், ஒரு முட்டுச்சந்தில் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் இருக்கும் பிசேசா என்ற இளம் விதவையிடம் இரவுகளில் பர்தா அணிந்துகொண்டு போகிறான். விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது. கடைசியாக அவன் போகும் இரவில் அவள் நிலா வெளிச்சத்தில் கைகளை நீட்டுகிறாள், மணிக்கட்டோடு வெட்டப்பட்டிருக்கின்றன. உள்ளேயிருந்து யாரோ கூர்மையான எதையோ கொண்டு அவனையும் குத்துகிறார்கள். அவனுக்கு நேர்ந்த நஷ்டம், ஒரு காலில் லேசான விறைப்பு. குதிரைச் சவாரியில் வந்த சுளுக்கு என்று அதைச் சொல்லிச் சமாளித்துவிடலாம். அவன் தொடர்ந்து உத்தியோகம் பார்க்கிறான், கௌரவமாக இருக்கிறான்.

கதையை பி.ஏ.யில் படித்தபோது சாகசக் கதையாகத்தான் தோன்றியது. இப்போது படித்தால் தலைப்பு உறுத்துகிறது. கதையில் இரண்டு வேலிகள் இருக்கின்றன. ட்ரெஜாகோ தன் வேலியைத் தாண்டி வெளியே வருகிறான். அவள் வேலிக்குள் நுழைகிறான். தலைப்பு அவன் வேலியை மட்டும்தான் எண்ணியிருக்கிறது. கைகள் போனது மற்ற வேலியில். கிப்ளிங்குக்கு இது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன் - அந்தச் சுளுக்கு விவரத்தை அவ்வளவு வறட்சியாகச் சொல்லத் தெரிந்தவனுக்குத் தெரியாமல் இருக்காது. தலைப்பை அவன் வேலிக்குள் நின்று, வேலிக்குள் இருக்கும் வாசகர்களுக்காக வைத்தான். சரியான பிரயோகம். அருவருப்பான, சரியான பிரயோகம்.

தமிழுக்கு வருவோம். தமிழ் இந்த வித்தியாசத்தைப் பெயர்ச்சொல்லில் வைக்காமல் வினையில் வைத்திருக்கிறது என்பது என் அபிப்ராயம். 'கடத்தல்' பாராட்டு: மனத்தையும் வாக்கையும் கடந்தவன் இறைவன், அளவு கடந்த அன்பு, காலம் கடந்த காவியம். 'மீறுதல்' குற்றம்: சொல்லை மீறினான், கட்டுப்பாட்டை மீறினான், சட்டத்தை மீறினான். 'தாண்டுதல்' பெரும்பாலும் ஸ்தூலமான செயல். வாய்க்காலைத் தாண்டுவது, வாசற்படியைத் தாண்டுவது. போலீஸ் ஸ்டேஷனில் வழங்கும் 'அத்துமீறல்' என்ற சொல்லில் உள்ள அத்து, உருது வழியாக வந்த எல்லை. சொல் இரவலானாலும் கூட வந்து ஒட்டியது மீறல்தான், கடத்தல் ஒட்டவில்லை. மொழிக்கு ஏதோ காரணம் தெரிந்திருக்கிறது.

பின் எப்போது 'மீறல்' நம் விமர்சனத்தில் பதக்கமாயிற்று? பூக்கோவும் பத்தாயும் சிறுபத்திரிகைகளின் வழியாக நமக்கு வந்தபோது என்று சொன்னால் தவறாகாது. 1963-இல் பத்தாயை முன்வைத்து பூக்கோ எழுதிய கட்டுரையில், மீறல் என்பது எல்லையின்மேல் பெறும் வெற்றியல்ல, இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே இருக்கின்றன என்ற எச்சரிக்கை கட்டுரையின் நடுவிலேயே இருக்கிறது. எச்சரிக்கை படகேறவில்லை, சொல் மட்டும் வந்து இறங்கிவிட்டது. நாமும் ஜி. நாகராஜன் மீறினார், இன்னார் மீறினார் என்று எழுதத் தொடங்கினோம். ஒரு நாவலில் விபச்சாரி வந்தால் மீறல், கெட்ட வார்த்தை வந்தால் மீறல், நிறுத்தற்குறி இல்லாவிட்டால் மீறல். இந்த வேலையை நானும் செய்திருக்கிறேன்.

நான் உத்தியோகம் பார்க்கும் இடத்தில் 'வரம்பு' என்ற சொல்லுக்கு இலக்கியப் பிரமைகள் எதுவும் இல்லை. படிவத்தில் 'கடன் வரம்பு' என்று அச்சிட்டிருக்கும், வாயில் லிமிட். கேஷ் கிரெடிட் கணக்கில் லிமிட்டுக்கு மேல் ஒரு பெரிய வியாபாரி எடுத்தால், மேனேஜர் அறையில் காபி வரும். அதிகாரமுள்ளவர் கையெழுத்துப் போட்டு அனுமதிப்பார். அதற்குப் பெயர் மீறலல்ல, 'எக்ஸஸ் அலவ்ட்'. அந்தக் கணக்கு தொண்ணூறு நாளுக்கு மேல் தொடர்ந்து லிமிட்டுக்கு வெளியே நின்றால்தான் வாராக்கடன் ஆகும். சம்பாவுக்குக் கடன் வாங்கியவருக்கு விதி வேறு, இரண்டு பருவம். ஆனால் அவருக்குக் காபி கிடையாது. ஒரே கோடு, அதைத் தாண்டுவதற்கு மூன்று நான்கு பெயர்கள். பெயரை யார் வைக்கிறார்கள் என்பது கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் வீட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்ததும் மறந்துவிடுகிறது.

வரம்பும் வரப்பும் ஒரே சொல். இரும்பும் இருப்புப்பாதையும் போல. வரப்பு வயலில் தங்கிவிட்டது, வரம்பு புத்தகத்துக்குக் குடிபோயிற்று. ஔவை அரசனை வாழ்த்துவதற்குப் பிடித்துக்கொண்டது வரப்பைத்தான் என்ற கதையைச் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். தஞ்சைச் சீமையில் வரப்பு வெறும் எல்லைக்கோடல்ல. நீரைத் தேக்குவது அதன் முதல் வேலை. நண்டும் எலியும் வளை போட்டால் நீர் ஒழுகும். எனவே நடவுக்கு முன் சீவிச் சேறு பூசவேண்டும். சீவும்போது ஓர் ஒழுங்கான காரியம் நடக்கும்: மண்வெட்டி பக்கத்து வயல்காரனின் பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகக் கொத்தும். வருஷத்துக்கு நாலு விரற்கடை. பத்து வருஷத்தில் வரப்பு நகர்ந்திருக்கும், சர்வேயர் வந்தால்தான் தெரியும். வரப்பை நகர்த்துகிறவன் அதைத் தாண்டுவதே இல்லை. அவனை வரம்பு மீறியவன் என்று ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வேலியும் இங்கே வெறும் வேலியாக இருக்கவில்லை. தஞ்சை ஜில்லாவில் வேலி என்பது நில அளவை: இருபது மா ஒரு வேலி, ஏறக்குறைய ஆறே முக்கால் ஏக்கர். 'அவருக்கு எத்தனை வேலி?' என்றால் எவ்வளவு சொத்து என்று அர்த்தம். முளையடித்து வளைத்ததே அளவுகோலாகிவிட்ட மொழி இது. எங்கள் ஊருக்கோ இன்னும் ஒரு பெருமை உண்டு. திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்று அடுக்கும்போது மன்னார்குடிக்கு வருவது மதிலழகு. ராஜகோபாலசாமி கோயில் மதிலை ஒருமுறை சுற்றி வந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். நானும் சாயங்காலங்களில் அதன் நிழலில் நடந்திருக்கிறேன், அழகுதான். மதிலின் அழகைப்பற்றிப் பேசும்போது நாம் எந்தப் பக்கம் நின்று பேசுகிறோம் என்பதை அந்தப் பழமொழி கேட்பதில்லை. 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை, மதிலழகு மட்டுமே பார்க்கக் கிடைத்தவர்களும் இந்த ஊர்ப்பக்கம் இருந்தார்கள்.

அவர்களுடைய கதையை நமது பகுதி ஏற்கனவே எழுதிப் பார்த்திருக்கிறது. சேக்கிழாரின் நந்தன் திருப்புன்கூரில் வெளியே நின்றபடி தரிசிக்க, நந்தி விலகிக் கொடுக்கிறது. வேலி அப்படியே இருக்கிறது; மறைத்த மாடுதான் நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அதே கதையை எடுத்து, சேக்கிழாரில் இல்லாத ஒரு வேதியரைப் பண்ணையாராக நுழைத்தார். சிதம்பரம் போகவேண்டுமானால் நாற்பது வேலி நிலத்தின் சாகுபடியை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். நாற்பது வேலி! ஒரு சொல்லுக்குள் நிலமும் தடையும் இப்படி ஒன்றாகிவிட்ட இடம் வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை. பாரதி அந்தச் சிலேடையை நினைத்தாரா என்பது அநாவசியமான கேள்வி. தஞ்சை ஜில்லாக்காரன் நினைக்காமலே எழுதிவிடுவான்.

அந்தக் கீர்த்தனையின் பிரசுரத்திலும் ஒரு வரம்புப் பிரச்சினை இருந்தது. சிறப்புப்பாயிரம் கேட்டு பாரதி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடந்தார். இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று பிள்ளை தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் திண்ணையில் அமர்ந்து பாரதி பாடிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து கேட்ட பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். பலமுறை சொல்லப்பட்ட சம்பவம். மேதை மேதையை அறிந்துகொண்டது என்ற முறையில் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. பிள்ளை பிழைகளைப் பிழை என்றே வைத்துக்கொண்டார். 'ஆஹா, இலக்கணத்தை எவ்வளவு தைரியமாக மீறியிருக்கிறீர்' என்று அவர் சொல்லவில்லை. நம்மில் ஒருவராயிருந்தால் முதல் நாளே அப்படிச் சொல்லி, பாட்டைக் கேட்காமலே பாயிரம் கொடுத்து அனுப்பியிருப்போம்.

நாவலாசிரியர்கள் நம்மைவிடக் கவனமாக இருந்திருக்கிறார்கள். தி. ஜானகிராமன் மன்னார்குடிப் பக்கத்துத் தேவங்குடிக்காரர். 'அம்மா வந்தாள்' (1966) நாவலில் அலங்காரத்தம்மாள் செய்வது என்ன என்று தண்டபாணிக்குத் தெரியும், பேசாமல் இருக்கிறார். தீர்ப்புச் சொல்லும் வாயை ஆசிரியர் யாரிடமும் முழுசாகக் கொடுத்துவிடவில்லை. அவள் தனக்கே கொடுத்துக்கொள்ளும் தண்டனைதான் நாவல். அதை 'ஒழுக்க வரம்பை மீறிய நாவல்' என்று வைதவர்களும் சரி, அதே சொல்லால் கொண்டாடியவர்களும் சரி, ஒரே அக்ரஹாரத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வெற்றிலையைத் துப்புகிறார், மற்றவர் மெல்கிறார்.

கரிச்சான் குஞ்சு இந்த ஊரில் பல்லாண்டு பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'பசித்த மானிடம்' 1978-இல் வந்தது. கணேசன் தொழுநோயாளி. சின்ன வயதிலிருந்து வசதியுள்ளவர்களின் ஆசைக்கு ஆளாகி, பின்னால் நோயில் விழுந்தவன். வேலிக்கு வெளியே என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் வேண்டாம். ஆனால் நாவல் அவனைப் பார்க்க லாந்தரைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதில்லை. ஆரம்பத்திலிருந்தே அவனருகில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது பணம் சேர்க்கும் கிட்டாதான் தூரத்தில் தெரிகிறான். எது உள்ளே, எது வெளியே என்று வாசகனுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடுவதில்லை. இந்த நாவலை நான் மூன்று முறை படித்திருக்கிறேன், மூன்று முறையும் 'மீறல்' என்ற சொல் எனக்குத் தேவைப்படவில்லை. அதை அன்றே கவனித்திருக்க வேண்டும்.

எல்லா நாவலும் இப்படித் தப்பித்துவிடவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிக்கப்பட்டார்கள். கூலியாகக் கூடுதல் நெல் கேட்ட போராட்டம் அதன் பின்னணி. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975) இதை எடுத்துக்கொண்டது, 1977-இல் சாகித்ய அகாதெமி பரிசும் பெற்றது. நிலச்சுவான்தாரின் ஆண்மைக்குறையில் கொண்டுபோய்க் காரணத்தை வைத்தது பற்றி அப்போதே சண்டை நடந்தது. என் ஆட்சேபம் இந்தக் கட்டுரையின் விஷயத்தோடு சேர்ந்தது: அப்படி வைத்ததும் கொலை ஒரு தனிமனிதனின் வரம்பு மீறலாகிவிடுகிறது. அவன் ஒருவன் வெறிபிடித்து வேலியைத் தாண்டிவிட்டான், வேலி பத்திரமாக இருக்கிறது. வெண்மணியில் நடந்ததோ வேலி தன் வேலையைச் செய்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, காரும் வசதியும் உள்ளவர்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது. நடந்து போவது அவர்கள் வழக்கமில்லை. எனவே அவர்கள் மீறியிருக்க முடியாது. நீதிபதிகளும் மொழியைச் சரியாகத்தான் பிரயோகித்தார்கள் - கிப்ளிங்கைப்போல.

நடந்து போகிறவர்களிடம் திரும்ப வருகிறேன்.

அந்தத் தொகுப்பை எடுத்து மறுபடி படித்தேன். நான் மீறல் என்று குறிப்பிட்ட கவிதையில் நடப்பது இவ்வளவுதான்: நாலைந்து குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஊர்த்தெரு வழியாகப் போனால் கால் மைல் குறைவு. அவர்கள் வரப்பு வழியாகப் போகிறார்கள். ஏன் என்று கவிதை சொல்லவில்லை. குழந்தைகளுக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. முதலில் போகிற பெண் செருப்பைக் கையில் வைத்திருக்கிறாள். ஐப்பசி மழை, சேறு வழுக்குகிறது. இரண்டு பக்கமும் யாரோ ஒருவருடைய நாற்று நிற்கிறது. அதில் கால் படாமல் நடக்கத் தெரிந்திருக்கிறது, கடைசிக் குழந்தைக்குக்கூட.

எனக்கு வரப்பு என்பது இரண்டு வயல்களைப் பிரிப்பது. என் பாட்டனாருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வரப்பு என்றதும் 'நம்முடையது எதுவரை' என்று கண் தேடும். அவருக்கு அது பாதை. வரப்பின் நீளம் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரிந்தது அதன் குறுக்கு. அவர் நீளவாக்கில் எழுதிய கவிதையை நான் குறுக்குவாக்கில் படித்திருக்கிறேன். குறுக்கே படித்தால் எல்லாமே தாண்டலாகத்தான் தெரியும்.

'தமிழ்க் கவிதையின் வரம்புகளை மீறி வெளியே நிற்கின்றன' என்ற வாக்கியத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தேன். உள்ளே. தமிழ்க் கவிதை என்னுடைய பட்டா நிலம்போலவும், அவர் அதற்கு அந்தண்டை நின்று கையசைப்பதுபோலவும், நான் பெருந்தன்மையாகக் கைதட்டுவதுபோலவும் இருக்கிறது. அவருடைய ஊரில் அவர் வீடு இருக்கும் பகுதிக்குக் காலனி என்று பெயர். அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயன் வேலிக்கு உள்ளே காலனி அமைத்தான். நாம் அந்தச் சொல்லை வாங்கி வேலிக்கு வெளியே போட்டோம். 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு வந்ததைப் பேப்பரில் படித்து நான் சந்தோஷப்பட்டேன். பட்டுவிட்டு, இந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்தியை அந்தச் சொல்லோடுதான் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கவிதையைப்பற்றி உருப்படியாகச் சொல்லியிருக்க வேண்டியவை வேறு. அதன் அடிகள் குட்டையாக இருப்பதும் ஒவ்வொரு அடியும் வினையில் போய் ஊன்றி நிற்பதும் வழுக்கும் வரப்பில் கால் வைக்கிற தினுசு. ஐந்தாவது அடியில் ஓர் அனாவசிய உவமை இருக்கிறது; அங்கே கால் சறுக்குகிறது. 'நடந்தோம்' என்று வரவேண்டிய ஓரிடத்தில் 'பயணித்தோம்' என்று எழுதியிருக்கிறார், அது எங்களைப் போன்றவர்களின் கட்டுரைகளைப் படித்த தோஷம். பிள்ளை பாரதியிடம் செய்ததைப்போல முதலில் பிழையைப் பிழையென்று சொல்லி, பிறகு திண்ணைப்பக்கம் காது கொடுத்திருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். வரிசையில் ஏழெட்டுப் பேர். சலானை வாங்கிக்கொண்டு, அந்த ஐந்தாவது அடியைப்பற்றிச் சொன்னேன். சற்று யோசித்தார்.

"அது நல்லாருக்குன்னுதான சார் எல்லாரும் சொன்னாங்க."

"எனக்கு அங்க இடிக்குது."

"பாக்கறேன்" என்றார். பணத்தை எண்ணியபோது ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று குறைந்தது. அவர் எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. நான்தான் தவறாக எண்ணியிருக்கிறேன்.